தக்காளியில் மரபணுத் திருத்தம்: சாம்பல் நோய் தாங்கும் செடியை விதைவரை கொண்டுவருவது எப்படி

டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவி கொண்டு தக்காளியின் மரபணு ஒன்றை வெட்டுவது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. எங்கே வெட்டுவது என்று கணினியில் முடிவுசெய்ய ஒரு நாள் போதும். அந்தக் கருவியின் மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தைக் கட்ட இரண்டு மூன்று வாரம். மீதிக் காலமெல்லாம் திசு வளர்ப்பு அறையிலும் நாற்றுக் குழித்தட்டுகளுக்கு நடுவிலும்தான் கழியும். திருத்தம் ஏறிய செடியைக் கண்டுபிடித்து, அயல் டிஎன்ஏ துளியும் ஒட்டாத விதையை எடுக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். முயற்சிகள் முறிவதும் அந்தப் பிற்பகுதியில்தான். அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேயே அதிக நேரம் நிற்கும்.

எதை வெட்டுவது

ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்வதுதான் கிரிஸ்பருக்கு நன்றாகக் கைவந்த வேலை. டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளில் குறிப்பிட்ட ஒன்றை மாற்றுவதும், புதிய துண்டைச் செருகுவதும் முடியும் என்றாலும் முதல் முயற்சிக்கு அவை வேண்டாம். இது இல்லாமல் போனால் செடிக்கு நல்லது என்று ஏற்கெனவே நிரூபணமான மரபணுவாகப் பாருங்கள்.

தக்காளியில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு எம்எல்ஓ1. சாம்பல் நோய்ப் பூஞ்சை இலைத் தோல் செல்லுக்குள் நுழைவதற்கு இந்த மரபணு உருவாக்கும் புரதம் துணைபோகிறது. புரதம் இல்லையென்றால் பூஞ்சை வாசலிலேயே நின்றுவிடும். இந்த உத்தியைச் செடிகள் தாமாகவே முன்பே கண்டுபிடித்துவிட்டன. எத்தியோப்பியாவின் நாட்டு பார்லி வகைகளில் எம்எல்ஓ பழுதான செடிகள் இருந்தன. ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாக பார்லியைச் சாம்பல் நோயிலிருந்து காத்துவருவது அந்தப் பழுதுதான். ஈக்வடாரைச் சேர்ந்த ஒரு செர்ரி தக்காளியில் எம்எல்ஓ1 மரபணுவில் 19 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதற்கும் சாம்பல் நோய் வருவதில்லை. 2017இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இருந்த ஆய்வாளர்கள் மணிமேக்கர் என்ற தக்காளி வகையில் அதே மரபணுவை கிரிஸ்பரால் வெட்டி 48 எழுத்துகளை நீக்கினார்கள். டொமெலோ என்று பெயரிட்ட அந்தச் செடி பத்து மாதத்துக்குள் கையில் வந்துவிட்டது.

இதே தர்க்கத்தில் வேறு இலக்குகளும் உண்டு. பழத்தின் செல்சுவரைக் கரைக்கும் பெக்டேட் லையேஸ் மரபணுவை நிறுத்தினால் நிறமும் சுவையும் பெரிதாகக் கெடாமல் பழம் கெட்டியாக இருக்கிறது. வெள்ளரியில் ஈஐஎஃப்4ஈ மரபணுவை வெட்டி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல வைரஸ்களுக்கு எதிர்ப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜப்பானில் 2021இல் விற்பனைக்கு வந்த, காபா என்ற அமினோ அமிலம் மிகுந்த தக்காளியில், ஜிஏடி3 என்ற நொதியின் வால்பகுதியை மட்டும் கத்தரித்தார்கள். அந்த வால்தான் நொதிக்குத் தடைக்கட்டை; அது போனதும் பழத்தில் காபா நான்கைந்து மடங்கு கூடியது. பழுக்கும் வேகத்தைக் குறைக்கிறேன் என்று ஆர்ஐஎன் மரபணுவில் கைவைப்பது மட்டும் வேண்டாம். பழம் நாட்கணக்கில் தாங்கும். நிறமும் மணமும் போய்விடும்.

எம்எல்ஓ1 பழுது ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரண்டு நகலும் கெட்டால்தான் எதிர்ப்பு தெரியும். ஆகவே வீரிய ஒட்டு ரகம் ஒன்றை மேம்படுத்த நினைத்தால் அதன் இரண்டு பெற்றோர் வரிசைகளையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒட்டு ரகச் செடியையே திருத்தி விதையெடுத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும். தொடக்கத்துக்கு பிகேஎம் 1 போன்ற நிலையான ரகமே சரி. பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் வகையில் சடுதி மாற்றத்தைத் தூண்டி உருவாக்கிய ரகம் அது. மரபணுவில் எங்கே மாற்றம் விழும் என்று தெரியாமலே அன்று செய்த வேலையைத்தான் இப்போது இடம் குறித்துச் செய்கிறோம்.

ரகத்தை முடிவுசெய்யும் முன் அதன் விதையிலைத் துண்டுகள் திசு வளர்ப்பில் தளிர் விடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பிளாஸ்மிடைச் செடிக்குள் ஏற்றும் பாக்டீரியா ஏதும் சேர்க்காமல் 50 துண்டுகளை வைத்து ஆறு வாரம் காத்திருந்தால் போதும். மணிமேக்கர், எம்82, மைக்ரோடாம் ஆகியவை தாராளமாகத் தளிர்விடும் என்பது தெரிந்தது. சில ரகங்கள் வெறும் திசுக்கட்டியாக வீங்கி நின்றுவிடும். அப்படிப்பட்ட ரகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, நன்றாகத் தளிர்விடும் ரகத்தில் திருத்தி, பிறகு கலப்பினத்தால் மாற்றுவது குறைந்த உழைப்பு.

அனுமதி முதலில்

இந்தியாவில் 2022 மார்ச் 30ஆம் தேதி சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை, அயல் மரபணுவைச் செருகாத எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகைத் திருத்தங்களுக்கு, மரபணு மாற்ற உயிரிகளுக்கான 1989 விதிகளில் 7 முதல் 11 வரையிலிருந்து விலக்கு தந்தது. அதே ஆண்டு மே மாதம் உயிரித் தொழில்நுட்பத் துறையின் வழிகாட்டு நெறிகள் வந்தன. நாம் செய்யப்போவது எஸ்டிஎன்-1: வெட்டிவிட்டுச் செடி தானாகப் பழுதுபார்த்துக்கொள்ள விடுவது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 ஆகிய இரண்டு நெல் ரகங்களும் இந்த வழியாக வந்தவைதான்.

இந்த விலக்கைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். இறுதிச் செடியில் அயல் டிஎன்ஏ இல்லை என்று காட்டிய பிறகே விலக்கு பொருந்தும். கிரிஸ்பரில் வெட்டும் புரதமான காஸ்9இன் மரபணு உள்ளே இருக்கும்வரை அது மரபணு மாற்றப்பட்ட செடிதான். அடைப்புக்குள்தான் வளர்க்க வேண்டும். நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முதல் நாளே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மொட்டை மாடித் தோட்டத்திலோ வீட்டுக் கொல்லையிலோ செய்யத்தக்க வேலை இல்லை இது. காஸ்9 மீது காப்புரிமைகள் இருப்பதால், விதை விற்கும் எண்ணம் இருந்தால் உரிமம் பற்றியும் அப்போதே விசாரித்துவிடுவது நல்லது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

காஸ்9 புரதம் தானாக இடம் தேடாது. 20 எழுத்து நீளமுள்ள வழிகாட்டி ஆர்என்ஏ எங்கே ஒட்டுகிறதோ அங்கே வெட்டும். ஒட்டும் இடத்துக்கு அடுத்தபடியாக ஏதாவது ஓர் எழுத்தும் அதன்பின் இரண்டு ஜியும் வர வேண்டும். இதற்கு பேம் என்று பெயர். வெட்டு பேமுக்கு மூன்று எழுத்து முன்னால் விழும்.

தக்காளியின் முழு மரபணுத்தொகை 2012இல் வெளியானது. ஹெய்ன்ஸ் 1706 என்ற வகையிலிருந்து படித்தது. உங்கள் ரகம் அதிலிருந்து ஓரிரு எழுத்து மாறுபடலாம். ஆகவே உங்கள் ரகத்தின் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, இலக்குப் பகுதியை பிசிஆர் என்ற நகலெடுக்கும் வினையில் பெருக்கி, சாங்கர் முறையில் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு வழிகாட்டியைத் தேடுங்கள். பேமை ஒட்டிய 12 எழுத்துகளில் ஒன்று மாறினாலும் வழிகாட்டி வேலை செய்யாமல் போகலாம். இரண்டு மூன்று நாளில் முடியும் இந்தச் சோதனையைத் தவிர்த்தால் ஆறு மாதம் வீணாகும்.

கிரிஸ்பர்-பி, சாப்சாப், கிரிஸ்போர் போன்ற இணையக் கருவிகள் மதிப்பெண்ணோடு பட்டியல் தரும். மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் சிலவற்றைக் கண்ணால் பாருங்கள். ஜியும் சியும் சேர்ந்து 40 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். நான்கு டி தொடர்ந்து வரும் வழிகாட்டி வேண்டாம். வழிகாட்டியைப் படியெடுக்கத் தொடங்கும் இடமான யு6 முன்னியக்கியிலிருந்து படிக்கும் நொதி அங்கேயே நின்றுவிடும். முன்னியக்கி யு6 என்றால் வழிகாட்டியின் முதல் எழுத்து ஜி, யு3 என்றால் ஏ. இல்லாவிட்டால் முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பிளாஸ்மிட் கட்டப் பயன்படும் பிஎஸ்ஏ1 நொதி அடையாளம் காணும் ஜிஜிடிசிடிசி என்ற தொடரோ அதன் எதிர்த்தொடரோ வழிகாட்டிக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் கட்டும்போதே அது துண்டாகிவிடும்.

வெட்டு மரபணுவின் முன்பாதியில் விழட்டும். தொடக்கத்தை ஒட்டியே வெட்டினால், செல் அடுத்துவரும் இன்னொரு தொடக்கக் குறியிலிருந்து புரதத்தைக் கட்டிக்கொள்ளக்கூடும். கடைசியில் வெட்டினால் பெரும்பகுதிப் புரதம் உருப்படியாக வந்துவிடும். இரண்டு வழிகாட்டிகளை 50 முதல் 150 எழுத்து இடைவெளியில் வைப்பது நல்லது. இரண்டு வெட்டும் ஒன்றாக விழுந்தால் நடுத்துண்டு போய்விடும்; டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் பட்டை இறங்கியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடைப்பட்ட நீளம் மூன்றால் வகுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றின் மடங்காகப் போனால் புரதத்தில் சில அமினோ அமிலங்கள் மட்டும் குறைந்து, மீதி அப்படியே வேலை செய்யலாம். டொமெலோவில் நீங்கிய 48 மூன்றின் மடங்குதான். அங்கே பலித்தது என்பதற்காக அதை நம்பி இறங்க வேண்டாம்.

பிளாஸ்மிட்

வழிகாட்டிக்கான இரண்டு ஒலிகோக்களையும், அதாவது ஒற்றை இழைச் சிறு டிஎன்ஏத் துண்டுகளையும், 10 மைக்ரோமோலார் அளவில் கலந்து, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 25 வரை இறக்குங்கள். ஒலிகோக்களின் முனையில் சேர்க்கும் நான்கு எழுத்துகள் உங்கள் பிளாஸ்மிடின் முனைகளோடு பொருந்த வேண்டும். ஒவ்வொரு பிளாஸ்மிடுக்கும் அது வேறு. ஒரே குழாயில் வெட்டி ஒட்டும் கோல்டன் கேட் வினைக்கு 20 மைக்ரோலிட்டரில் 100 நானோகிராம் பிளாஸ்மிட், 200 மடங்கு நீர்த்த ஒலிகோ 1 மைக்ரோலிட்டர், பிஎஸ்ஏ1 10 அலகு, டி4 லைகேஸ் 400 அலகு, லைகேஸ் பஃபர் 2 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் ஐந்து நிமிடம், 16 டிகிரியில் ஐந்து நிமிடம் என்று 30 சுற்று. முடிவில் 50 டிகிரியில் ஐந்து நிமிடம், 80 டிகிரியில் பத்து நிமிடம். தட்டில் காலனியே வரவில்லை என்றால் முதலில் லைகேஸ் பஃபரைச் சந்தேகியுங்கள். அதிலுள்ள ஏடிபி, உறையவைத்து உருக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெடும். வாங்கிய அன்றே 20 மைக்ரோலிட்டர் துளிகளாகப் பிரித்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

காஸ்9 பகுதிக்கு, புரதமாகாத இடைத்துண்டான இன்ட்ரான் செருகிய வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள். திருத்த விகிதம் தெளிவாகக் கூடுகிறது. பிளாஸ்மிட் ஏறிய செல்களைத் தேர்ந்தெடுக்க, கனமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணு போதும்.

முழுச் செடிக்குப் போகும் முன் வழிகாட்டி வெட்டுகிறதா என்று வேர்களில் சோதிக்கலாம். அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியா மூலம் அதே பிளாஸ்மிடை விதையிலைத் துண்டில் ஏற்றினால், மூன்று நான்கு வாரத்தில் வெட்டுப்பட்ட விளிம்பிலிருந்து மயிர்வேர்கள் கிளம்பும். பத்துப் பதினைந்து வேர்களில் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால், எந்த வழிகாட்டி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். வழிகாட்டி செத்தது என்று ஆறு மாதம் கழித்துத் தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

திசு வளர்ப்பு

விதையை 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம் முக்கி, பிறகு 2.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ட்வீன் 20 இரண்டு சொட்டு சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஆட்டுங்கள். கிருமி நீக்கிய நீரில் ஐந்து முறை அலசி, அரை அளவு எம்எஸ் என்ற சத்துக்கலவை ஊடகத்தில் விதையுங்கள். 25 டிகிரி, 16 மணி நேர வெளிச்சம்.

ஏழு முதல் பத்து நாளில் விதையிலைகள் விரிந்திருக்கும். நடுவில் முதல் உண்மை இலை தலைகாட்டும் முன் வெட்டிவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால்கூடத் தளிர்விடும் திறன் சட்டென்று குறையும். எல்லா விதையும் ஒரே நாளில் முளைக்காது. தட்டில் மூன்று வயதுச் செடிகள் இருந்தால் ஒரே வயதில் இருப்பவற்றை மட்டும் எடுங்கள், மற்றதைக் கழித்துவிடுங்கள். நனைந்த வடிதாளின் மேல் விதையிலையை வைத்து, நுனியையும் அடியையும் நீக்கி, அரை செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். புதிய பிளேடாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து இலைக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு திசுவை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய விளிம்பு இரண்டே நாளில் பழுப்பாகிச் சாகும். தளிர் வரவேண்டியதோ அந்த விளிம்பிலிருந்துதான்.

ஊடகம் லிட்டருக்கு: வைட்டமின் சேர்ந்த எம்எஸ் தூள் 4.4 கிராம், சர்க்கரை 30 கிராம், அகர் 8 கிராம், பிஎச் 5.8. பிஎச்சைச் சரிசெய்த பிறகே அகரைப் போடுங்கள், 5.5க்குக் கீழே போனால் ஊடகம் கூழாகவே நிற்கும். ஆட்டோகிளேவ் செய்து, கையால் பிடிக்கும் சூட்டுக்கு, அதாவது 50, 55 டிகிரிக்கு வந்ததும் வடிகட்டிச் சுத்திகரித்த, தளிர் தூண்டும் ஹார்மோனான டிரான்ஸ் ஜியாட்டின் 2 மில்லிகிராம் சேர்க்க வேண்டும். இந்த ஊடகத்தில் துண்டுகளை ஒரு நாள், இலையின் அடிப்பக்கம் மேலே பார்க்க, வைத்திருங்கள்.

செடிக்குள் டிஎன்ஏவைக் கடத்தும் அக்ரோபாக்டீரியத்தை, பிளாஸ்மிட் ஏற்றிய பிறகு, 28 டிகிரியில் வளர்க்க வேண்டும். பழக்கதோஷத்தில் 37 டிகிரி அறையில் வைத்துவிடாதீர்கள். செல்களை மையவிலக்கில் இறக்கி, ஆன்டிபயாட்டிக் இல்லாத திரவ எம்எஸ்ஸில் டிஎன்ஏ கடத்தத் தூண்டும் அசிட்டோசிரிங்கோன் 100 மைக்ரோமோலாரோடு கலந்து, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி (ஓடி) 0.3 வரும்படி நீர்த்துக்கொள்ளுங்கள். துண்டுகளை அதில் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, வடிதாளில் நன்றாக ஒற்றி, பழைய ஊடகத்திலேயே 24 டிகிரியில் இருட்டில் இரண்டு நாள். ஈரம் ஒற்றியது போதாமலோ மூன்றாம் நாளுக்கு நீண்டோ போனால் துண்டைச் சுற்றிப் பாக்டீரியா வெள்ளையாகப் பொங்கும். பொங்கிய தட்டைக் காப்பாற்றுவது கடினம்.

இரண்டு நாள் கழிந்ததும் தேர்வு ஊடகம். மேலே சொன்ன அதே கலவையில், பாக்டீரியாவை ஒழிக்கும் டைமென்டின் 300 மில்லிகிராம், கனமைசின் 100 மில்லிகிராம் சேரும். டைமென்டின் கிடைக்காத இடத்தில் செஃபோடாக்சிம் 500 மில்லிகிராம். கனமைசின் அளவை உங்கள் ரகத்துக்கு முன்கூட்டியே சோதியுங்கள்: பாக்டீரியா படாத துண்டுகளை 0, 25, 50, 75, 100 அளவுகளில் வைத்து, முழுதாக வெளுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே நில்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆன்டிபயாட்டிக் வீரியம் இழந்ததும் பதுங்கியிருக்கும் பாக்டீரியா கிளம்பிவிடும்.

தட்டை பாராஃபில்மால் இறுகக் கட்டாமல், காற்று புகும் மைக்ரோபோர் டேப்பால் ஒட்டுங்கள். நறுக்கிய திசு எத்திலீன் விடும். அது உள்ளேயே தேங்கினால் தளிர் நின்று, திசுக்கட்டி மட்டும் பருக்கும். சிறிய விஷயம்தான், ஆனால் ஒரு தட்டில் அப்படியும் ஒரு தட்டில் இப்படியும் கட்டிப் பார்த்தால் வித்தியாசம் நான்காவது வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் வாரம் விளிம்புகள் தடித்து, வெளிர்ப்பச்சையில் பொரிப்பொரியாகக் கட்டி கிளம்பும். மூன்று, நான்காம் வாரத்தில் அதன் மேல் கரும்பச்சைப் புள்ளிகள், சிலவற்றில் ஊதா மினுக்கு. அவைதான் தளிர் மொட்டுகள். இலைபோல விரிந்தும் நடுவில் குருத்து இல்லாத குருட்டுத் தளிர்களும் கூடவே வரும். எத்தனை நாள் வைத்தாலும் அவை வளராது. குருத்துள்ள தளிர் 2 செ.மீ. ஆனதும் கட்டியின் துணுக்கு ஒட்டாமல் அறுத்து, வேர் தூண்டும் ஹார்மோனான ஐபிஏ 1 மில்லிகிராம், கனமைசின் 50 மில்லிகிராம், டைமென்டின் 200 மில்லிகிராம் உள்ள வேர் ஊடகத்தில் நடுங்கள். கனமைசினில் வேர் விடுவதுதான் உண்மையான பரீட்சை. பச்சையாக இருந்தும் பத்துப் பதினைந்து நாளில் வேர் இறக்காத தளிர் பெரும்பாலும் ஏமாற்றித் தப்பியது. ஒரே கட்டியிலிருந்து வந்த தளிர்கள் உடன்பிறந்த நகல்களாக இருக்கக்கூடும் என்பதால், ஒரு கட்டிக்கு ஒரு செடி என்று கணக்கு வையுங்கள்.

ரகத்தைப் பொறுத்து 100 துண்டுக்கு 5 முதல் 20 செடி தேறும். 200 துண்டோடு தொடங்கினால் கைக்குப் போதுமான செடி கிடைக்கும். வேர் விட்டதும் அகரை வெதுவெதுப்பான நீரில் முழுதாகக் கழுவி, கிருமி நீக்கிய தென்னை நார்க்கழிவில் நட்டு, ஒளிபுகும் மூடி போட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாளில் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். வேரில் ஒட்டிய அகரில் சர்க்கரை இருக்கிறது. அதை விட்டால் மண்பூஞ்சைக்கு விருந்து.

இன்னொரு பொறியும் உண்டு. திசு வளர்ப்பில் எழும் தக்காளிச் செடிகளில் கணிசமானவை நான்மயமாக, அதாவது குரோமோசோம் தொகுதி இரட்டித்ததாக வரும். இலை தடித்து அகன்றிருக்கும், பூ பெரிதாக இருக்கும், விதை மிகக் குறைவாகப் பிடிக்கும். செல்லின் டிஎன்ஏ அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லாவிட்டால் இலையின் அடித்தோலை உரித்து, இலைத்துளைக் காவல் செல்லில் உள்ள பசுங்கணிகங்களை நுண்ணோக்கியில் எண்ணுங்கள். சாதாரணச் செடியோடு ஒப்பிட்டால் நான்மயத்தில் எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருக்கும். அப்படிப்பட்டதைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

திருத்தத்தைப் படித்தல்

மண்ணுக்கு மாறி புதிதாக விட்ட இலையிலிருந்து டிஎன்ஏ எடுங்கள். குடுவையில் இருந்தபோதைய இலையில் அக்ரோபாக்டீரியம் மிச்சம் இருக்கும். அதிலுள்ள பிளாஸ்மிடே பிசிஆரில் பட்டை காட்டி ஏமாற்றும். முதல் தலைமுறைச் செடி கலவையாக இருக்கலாம், ஒரு கிளையில் ஒரு திருத்தம், மறு கிளையில் இன்னொன்று. வெவ்வேறு கிளைகளிலிருந்து மூன்று இலையாவது பாருங்கள்.

வெட்டிடத்துக்கு இருபுறமும் சேர்த்து 500 முதல் 700 எழுத்து நீளத்தை பிசிஆரில் பெருக்கி சாங்கருக்கு அனுப்புங்கள். வரைபடத்தில் வெட்டிடம்வரை ஒற்றை ஒற்றைச் சிகரமாகத் தெளிவாக வந்து, அங்கிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பினால் திருத்தம் நடந்திருக்கிறது. ஐசிஇ, டைட் போன்ற இலவசக் கருவிகள் அந்தக் குழப்பத்தைப் பிரித்து, எந்த நகலில் எத்தனை எழுத்து கூடியது, குறைந்தது என்று சொல்லும். ஓரெழுத்துச் சேர்க்கையும் சில எழுத்து நீக்கமும்தான் வழக்கமாகக் கண்ணில் படும்.

குழப்பமே இல்லாமல், ஒரே ஒரு திருத்தம் சுத்தமாகத் தெரிந்தால் இரண்டு நகலும் ஒன்றுபோல் மாறிவிட்டன என்று உடனே மகிழ வேண்டாம். இன்னொரு நகலில் பெரிய துண்டு போய், பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏத் துண்டான பிசிஆர் பிரைமர் ஒட்டும் இடமே காணாமல் போயிருக்கலாம். அப்போது பெருகுவது ஒரு நகல் மட்டும்தான். வெட்டிடத்திலிருந்து இரண்டு மூன்று ஆயிரம் எழுத்து தள்ளி வேறு பிரைமர்கள் வைத்து ஒருமுறை பாருங்கள்.

அயல் டிஎன்ஏவைச் சலித்தெடுத்தல்

முழு வேலையின் பலனும் இந்த இடத்தில்தான் கைக்கு வருகிறது. பூவை மெல்லிய பையால் மூடி, தன் மகரந்தத்தாலேயே காய்க்க விட்டு, செடிவாரியாக விதை எடுங்கள்.

காஸ்9 அடங்கிய டிஎன்ஏ ஒரே இடத்தில் புகுந்திருந்தால் விதைகளில் நான்கில் ஒன்றில் அது இருக்காது. தாய்ச்செடியின் இரண்டு நகலும் ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தால் அந்த நான்கில் ஒன்றே போதும். பதினோரு நாற்று பார்த்தால் ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு நகல் மட்டும் திருந்தியிருந்தால், இரண்டும் திருந்தி காஸ்9உம் இல்லாதது பதினாறில் ஒன்று. அதே உறுதிக்கு 47 நாற்று வேண்டும். இரண்டு இடத்தில் காஸ்9 புகுந்த செடியைத் தாயாக வைத்தால் கணக்கு இன்னும் கடினமாகும். எனவே செடிக்கு 48 நாற்று என்று குழித்தட்டில் விதைப்பது நடைமுறைக்கு ஒத்த அளவு.

இரண்டு இலைப் பருவத்தில் ஒவ்வொரு நாற்றிலும் காஸ்9, கனமைசின் மரபணு, பிளாஸ்மிடின் முதுகெலும்புப் பகுதி (செடிக்குக் கடத்தும் துண்டுக்கு வெளியே உள்ளது) மூன்றுக்கும் பிசிஆர் செய்யுங்கள். காஸ்9 மட்டும் பார்த்து விட்டுவிடுவது பெரிய பிழை. டிஎன்ஏ அரைகுறையாக உடைந்து புகுந்து, காஸ்9 இல்லாமல் மற்றத் துண்டு மட்டும் உள்ளே இருப்பது நடக்கக்கூடியது. பட்டை வரவில்லை என்பதையும் அப்படியே நம்பக் கூடாது, டிஎன்ஏ மோசமாக இருந்தாலும் பட்டை வராது. தக்காளியின் சொந்த மரபணு ஒன்றுக்கும் அதே மாதிரியில் பிசிஆர் ஓட்டி, அது வந்தால் மட்டுமே மற்றது இல்லை என்று எழுதுங்கள். இறுதியில் தேறும் ஒன்றிரண்டு வரிசைக்கு முழு மரபணுத்தொகையையும் படித்துவிடுவது நல்லது. ஒழுங்குமுறை ஆவணத்துக்கு அது வலுவான சான்று. வழிகாட்டியோடு மூன்று எழுத்துவரை மட்டுமே மாறுபடும் மற்ற இடங்களில் தவறான வெட்டு விழுந்ததா என்பதும் அதிலேயே தெரியும்.

நோயை வைத்துச் சோதித்தல்

காஸ்9 இல்லாத, இரண்டு நகலும் திருந்திய செடிகளைச் சுயமகரந்தத்தில் இன்னொரு தலைமுறை வளர்த்து, நாலைந்து வார வயதில் நோய்ப்பூஞ்சையை ஏற்றிப் பாருங்கள். புதிதாகச் சாம்பல் பூத்த இலையை நீரில் அலசி, மில்லிலிட்டருக்கு 20,000 முதல் 50,000 வித்து இருக்கும்படி எண்ணி, உடனடியாகத் தெளிக்க வேண்டும். சாம்பல் நோய் வித்துக்கு நீரில் ஊறுவது ஆகாது. கரைசலை வைத்துக்கொண்டு தேநீர் குடித்துவிட்டு வந்தால் எல்லாச் செடியும் எதிர்ப்புள்ளதாகத் தெரியும். வெப்பம் 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் அளவில் வைத்து, பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இலையில் வெள்ளைப் பூச்சு எவ்வளவு பரப்பில் என்று குறியுங்கள். திருத்தாத அதே ரகச் செடிகள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், அவை வெளுக்காவிட்டால் சோதனை செல்லாது.

எந்தப் பூஞ்சை என்பதிலும் கவனம் தேவை. டொமெலோ நின்றது இலையின் மேற்பரப்பில் படரும் ஒய்டியம் நியோலைகோபெர்சிசி என்ற பூஞ்சைக்கு எதிராக. இலைக்குள்ளேயே புகுந்து வளரும் லெவெய்லுலா டௌரிகா வேறு. வறண்ட வெயில் நிலங்களில் அதுவும் தக்காளியையும் மிளகாயையும் தாக்கும். உங்கள் வட்டாரத்தில் எது இருக்கிறதோ அதன் வித்தை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

எதிர்ப்பு உறுதியான பிறகு பூக்கும் நாள், பழ எடை, இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு, மொத்த மகசூல் ஆகியவற்றைத் திருத்தாத ரகத்தோடு குறைந்தது மூன்று பிரதிகளில் ஒப்பிடுங்கள். பார்லியில் எம்எல்ஓ பழுதான செடிகளின் இலை வயதாகும் முன்பே புள்ளி விழுந்து மஞ்சளாவது உண்டு; தக்காளியிலும் அடி இலைகளை அந்தக் கண்ணோடு பார்த்து வாருங்கள். ஏதாவது உறுத்தினால் திருத்தாத ரகத்தோடு ஒருமுறை பின்கலப்பு செய்து, திருந்திய நகலை மட்டும் மீட்டெடுத்தால், திசு வளர்ப்பில் வந்த வேறு கோளாறுகள் பெருமளவு கழியும்.

விதையை நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத உறையில், இரண்டு பங்காக இரண்டு வெவ்வேறு குளிர்பெட்டிகளில் வையுங்கள். உறையின் மேல் தாய்ச்செடி எண், தலைமுறை, திருத்தத்தின் சரியான எழுத்து மாற்றம், காஸ்9 சோதனை செய்த தேதி நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். எத்தனால் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.